சிட்டி டிவியின் சரிவு: விற்க முடிந்ததும் விற்க முடியாததும்

உள்ளூர்த் தொலைக்காட்சிகள் நலிந்துபோனதற்கு இன்று எல்லோரும் சொல்லும் காரணம் இணையம். விளம்பரப் பணம் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போய்விட்டது, இளைஞர்கள் கைப்பேசிக்குப் போய்விட்டார்கள், மிச்சமிருப்பவர்கள் முதியவர்கள் என்று கதை முடிந்துவிடுகிறது. வசதியான காரணம் இது. யாருடைய முடிவையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. மழை பெய்தது, சுவர் இடிந்தது என்று போய்விடலாம். ஆனால் கனடாவின் டொராண்டோ நகரத்தில் இயங்கும் சிட்டி டிவியின் வரலாற்றை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால் இந்தக் காரணம் பிந்தி வந்தது தெரியும். ஒரு காலத்தில் உலகின் பல நகரங்களிலிருந்து ஒளிபரப்பாளர்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன நிலையம் அது. அதன் சரிவு தொடங்கியது அது வளர்ந்துகொண்டிருப்பதாக எல்லோரும் நினைத்த ஆண்டுகளில்தான். அந்த நிலையத்தின் மதிப்பு ஒரு நகரத்தோடும், ஒரு கட்டடத்தோடும், ஒரே கூரையின் கீழ் இருந்த பல வேலைகளின் சேர்க்கையோடும் பிணைந்திருந்தது. அதை வாங்கியவர்களும் விற்றவர்களும் மேற்பார்வையிட்ட அரசு ஆணையமும் அதைத் தனித்தனியாகப் பிரித்து எடுக்கக்கூடிய சொத்துகளின் பட்டியலாகவே பார்த்தார்கள். இக்கட்டுரையின் வாதம் அவ்வளவுதான். அதற்கான சான்றுகளையும், அதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் பார்ப்போம்.

சிட்டி டிவி 1972 செப்டம்பர் 28 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. ஃபில்லிஸ் ஸ்விட்சர், மோசஸ் நைமர், ஜெர்ரி கிராஃப்ஸ்டீன், எட்கர் கோவன் என்ற நால்வர் சேர்ந்து உரிமம் பெற்றிருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது யுஎச்எஃப் வரிசையில் 79ஆம் அலைவரிசை, அதாவது பெட்டியின் கடைக்கோடி. நிலையம் அமைந்த இடம் 99 குவீன் வீதி கிழக்கு. அதற்கு முன் எலெக்ட்ரிக் சர்க்கஸ் என்ற இரவு விடுதி இருந்த கட்டடம். அன்றைய டொராண்டோவில் அரசு நிறுவனமான சிபிசி இருந்தது, தனியார் வலையமைப்பான சிடிவியின் பெரிய நிலையம் புறநகரில் இருந்தது, ஏரிக்கு அப்பால் அமெரிக்காவின் பஃபலோ நகர நிலையங்களும் தெளிவாகத் தெரிந்தன. பஃபலோவில் எந்தத் தெருவில் தீப்பிடித்தது என்று டொராண்டோக்காரர்கள் இரவுதோறும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஃபலோ செய்தி வாசிப்பாளர் இர்வ் வைன்ஸ்டீன் டொராண்டோவிலும் பிரபலம். இவ்வளவு போட்டிக்கு நடுவில் பணமில்லாத ஒரு புது நிலையம் எப்படிப் பிழைப்பது? வெள்ளிக்கிழமை நள்ளிரவில் 'பேபி ப்ளூ மூவி' என்ற பெயரில் பாலியல் படங்களைப் போட்டுப் பிழைத்தது. நிலையத்தின் புகழ் பாடுகிறவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே கடந்துவிடுவார்கள். ஆனால் கணக்கில் இது முக்கியமானது: சிட்டி டிவியின் புதுமைகள் இலட்சியத்தில் மட்டும் பிறந்தவை அல்ல, கையில் காசு இல்லாததிலும் பிறந்தவை. 1975இல் மல்டிபிள் ஆக்சஸ் என்ற நிறுவனத்துக்கு 45 சதவீதப் பங்கை விற்றுத்தான் தப்பித்தது. அந்தப் பங்கு 1978இல் சம் (CHUM என்ற ஆங்கில எழுத்துகளின் உச்சரிப்பு) என்ற வானொலி நிறுவனத்துக்குப் போனது. 1981இல் முழு நிலையமும் அந்த நிறுவனத்தின் வசமானது.

1977 செப்டம்பரில் தொடங்கிய 'சிட்டிபல்ஸ்' செய்தி நிகழ்ச்சிதான் நிலையத்துக்கு முகம் கொடுத்தது. அதுவரை கனடியத் தொலைக்காட்சிச் செய்தி என்றால் நீலத்திரைக்கு முன் மேசை, மேசைக்குப் பின்னால் கோட்டு போட்ட ஆங்கிலேய வம்சத்து ஆண். சிட்டிபல்ஸில் வாசிப்பாளர்கள் செய்தி அறையின் நடுவிலேயே இருந்தார்கள். பின்னால் தொலைபேசி ஒலிக்கும், ஆட்கள் நடப்பார்கள், கேமரா தோளில் ஏறி அவர்கள் பின்னாலேயே போகும். திரைப்படச் சுருளில் எடுத்து, கழுவி, வெட்டி ஒட்டும் முறையை விட்டுவிட்டுக் கையில் தூக்கும் வீடியோ கேமராவுக்கு வெகு சீக்கிரமே மாறியவர்கள் இவர்கள். படம் ஆடினால் ஆடட்டும் என்று விட்டார்கள். ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதத்திலும் அந்த நிலையம் நகரத்துக்கு அருகில் நின்றது. கானாவில் பிறந்த ஜோஜோ சின்டோ தெருச் செய்தியாளராகப் பல ஆண்டுகள் திரையில் இருந்தார். முன்பு நகர்மன்ற உறுப்பினராக இருந்த கட்டடக் கலைஞர் காலின் வான் நகர அரசியலை வாதாடும் குரலில் விளக்கினார். 1989 முதல் பீட்டர் சில்வர்மன் ஏமாற்றப்பட்ட நுகர்வோருக்காகக் கடை வாசல்களில் போய்ச் சண்டை போட்டார். எழுபதுகளின் கடைசியில் டொராண்டோவின் தோற்றமே குடியேற்றத்தால் மாறிக்கொண்டிருந்தது. அந்த மாற்றத்தைத் திரையில் முதலில் காட்டியவை அரசு மானியம் பெற்ற நிறுவனங்கள் அல்ல, நள்ளிரவுப் படம் போட்டுப் பிழைத்த இந்த நிலையம்தான் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

1987இல் நிலையம் 299 குவீன் வீதி மேற்குக்கு இடம்பெயர்ந்தது. மெதடிஸ்ட் திருச்சபையின் பதிப்பகத்துக்காக முதல் உலகப் போர்க் காலத்தில் கட்டிய பழைய கட்டடம் அது. நைமர் அதற்குள் வழக்கமான ஒலியடைத்த படப்பிடிப்புக் கூடங்களைக் கட்டவில்லை. அதற்குப் பதிலாகக் கட்டடம் முழுக்கக் கேமராவுக்கும் ஒலிக்கும் விளக்குக்கும் இணைப்பு முனைகளைப் பதித்தார். படிக்கட்டு, மாடி, வாகன நிறுத்துமிடம், நடைபாதை என எந்த இடத்திலும் வயரைச் சொருகி நேரலைக்குப் போகலாம். தரைத்தளத்துச் சன்னல்கள் தெருவைப் பார்த்துத் திறந்தன; சிட்டியின் இசை அலைவரிசையான மச்மியூசிக்கின் தொகுப்பாளர் பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே கூட்டம் நின்று கையசைப்பது படத்தில் தெரியும். கிழக்குச் சுவரை உடைத்துக்கொண்டு ஒரு செய்தி வண்டி பாதி வெளியே பாய்ந்து நிற்கும், அதன் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். விளம்பரத் தந்திரம்தான், ஆனால் குவீன் வீதியில் நடப்பவருக்கு நிலையம் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கட்டடத்தின் மூலையில், ஜான் வீதி சந்திப்பில், 'ஸ்பீக்கர்ஸ் கார்னர்' என்ற ஒரு சிறு கூண்டு இருந்தது. ஒரு டாலர் நாணயத்தைப் போட்டால் உள்ளே இருக்கும் கேமரா சிறிது நேரம் ஓடும்; யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பேசலாம், பாடலாம், அழலாம், மேயரைத் திட்டலாம். நாணயங்கள் அறக்கட்டளைகளுக்குப் போயின. பதிவானவற்றில் தேர்ந்தெடுத்தவற்றை வெட்டிச் சேர்த்து வாரந்தோறும் அரை மணி நேர நிகழ்ச்சியாகப் போட்டார்கள். 1990இல் தொடங்கிய இந்நிகழ்ச்சிக்கு எழுத்தாளரும் நடிகரும் தேவைப்படவில்லை. 1991இல் பேர்நேக்கட் லேடீஸ் என்ற, அப்போது பெரிதாக அறியப்படாத இசைக்குழுவினர் அந்தக் கூண்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு பாடிய பாட்டு அவர்களை ஊர் முழுக்கத் தெரிய வைத்தது. தன் முகத்தைத் தானே படம்பிடித்து ஊருக்குக் காட்டும் பழக்கம் யூடியூப்புக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தெருமுனையில் நடந்துகொண்டிருந்தது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. யூடியூப்பில் பேசுபவர் உலகத்தைப் பார்த்துப் பேசுகிறார். கூண்டில் பேசியவர் தன் ஊரைப் பார்த்துப் பேசினார், கேட்டவர்களுக்கும் அவர் எந்தத் தெருவைப் பற்றிப் பேசுகிறார் என்று தெரிந்தது.

இவை தனித்தனிச் சாகசங்கள் அல்ல, ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை. 1979இல் 'தி நியூ மியூசிக்' என்ற வார நிகழ்ச்சி வந்தது. அதன் அனுபவத்தில் 1984இல் மச்மியூசிக் என்ற இசை அலைவரிசை பிறந்தது. அதே நிகழ்ச்சியின் தொகுப்பாளர் ஜீன் பெக்கர் 1985 முதல் 'ஃபேஷன் டெலிவிஷன்' நடத்தினார். அது பல நாடுகளுக்கு விற்பனையானது. 1989இல் 'பிரேக்ஃபாஸ்ட் டெலிவிஷன்' என்ற காலை நிகழ்ச்சி. சிட்டிபல்ஸின் செய்தியாளர்களையும் வண்டிகளையும் வைத்தே 1998இல் சிபி24 என்ற 24 மணி நேர உள்ளூர்ச் செய்தி அலைவரிசை. ஒரு செய்தியாளர் மாலையில் சிட்டிபல்ஸுக்கு எடுத்த காட்சி இரவெல்லாம் சிபி24இல் ஓடும். மச்மியூசிக்குக்கு வந்த பாடகர் காலையில் பிரேக்ஃபாஸ்ட் டெலிவிஷனில் உட்காருவார். ஒரே செலவில் நான்கு இடங்களுக்கு நிகழ்ச்சி கிடைத்தது. உள்ளூர் நிகழ்ச்சி என்றாலே நட்டம் என்று மற்ற நிறுவனங்கள் புலம்பிய காலத்தில் சிட்டி டிவிக்கு அது கட்டுப்படியானதன் இரகசியம் இந்தப் பகிர்வுதான். கனடாவின் ஒளிபரப்பு விதிகள் எதிர்த்திசையில்தான் தூண்டின. அமெரிக்கத் தொடர் ஒன்றைக் கனடிய நிலையம் அதே நேரத்தில் ஒளிபரப்பினால், கேபிள் நிறுவனங்கள் அமெரிக்க அலைவரிசையிலும் கனடியச் சமிக்ஞையையே மாற்றிப் போட்டாக வேண்டும். விளம்பர வருமானம் கனடிய நிலையத்துக்கு வரும். ஆகவே அமெரிக்கத் தொடரை வாங்கி, அமெரிக்க அட்டவணைப்படியே போடுவதுதான் எளிய இலாபம். சிட்டி டிவி இரவில் திரைப்படமும் பகலில் ஊரும் என்று வைத்துக்கொண்டு அந்த வலையில் முழுதாக விழாமல் முப்பது ஆண்டு ஓட்டியது.

திருப்பம் 2001இல் வந்தது. சம் நிறுவனம் வான்கூவரின் சிகேவியு நிலையத்தை வாங்கி 2002இல் அதற்குச் 'சிட்டி டிவி' என்றே பெயர் சூட்டியது. அதற்கு முன் அந்த நிறுவனம் செய்து வந்தது வேறு. தொண்ணூறுகளில் பாரி, லண்டன், ஒட்டாவா வட்டாரம் என்று ஒன்டாரியோவின் சிறு நகர நிலையங்களில் சிட்டியின் செய்முறையை மட்டும் கொண்டுபோனது. பாரி நிலையம் 'தி நியூ விஆர்' என்று தன் பெயரிலேயே இருந்தது. முறை பயணம் செய்யலாம், ஒவ்வோர் ஊரும் அதைத் தன் கையால் செய்துகொள்ள வேண்டும் என்ற புரிதல் அதில் இருந்தது. 2003இல் நைமர் நிறுவனத்தை விட்டு விலகினார். 2004இல் சம், கிரெய்க் மீடியா என்ற மேற்குக் கனடிய நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. 2005 ஆகஸ்ட் 2 அன்று கால்கரி, எட்மன்டன், வின்னிபெக் நிலையங்கள் ஒரே நாளில் சிட்டி டிவி ஆயின. அதே நாளில் டொராண்டோவில் சிட்டிபல்ஸ் என்ற 28 ஆண்டுப் பெயர் எடுக்கப்பட்டு, எல்லா ஊர்களுக்கும் பொதுவாகச் 'சிட்டிநியூஸ்' வந்தது. ஒன்டாரியோவின் சிறு நிலையங்களின் பெயர்களும் அழிந்து 'ஏ-சேனல்' ஆயின. நாடு தழுவிய விளம்பரதாரருக்கு விற்க ஒரே பெயர் வேண்டும் என்பதே காரணம். என் கணிப்பில் சிட்டி டிவியின் சரிவு தொடங்கிய நாள் இது. அன்று மாறியதாகத் தெரிந்தது பெயர் மட்டும்தான். ஆனால் அன்றிலிருந்து டொராண்டோ அந்த நிலையத்தின் ஊராக இருப்பதை விட்டு, ஐந்து சந்தைகளில் ஒன்றாகிவிட்டது.

அடுத்த அடிகள் வேகமாக விழுந்தன. சம் நிறுவனத்தின் நிறுவனர் ஆலன் வாட்டர்ஸ் 2005 டிசம்பரில் இறந்தார். 2006 ஜூலை 12 அன்று, சிடிவியின் உரிமையாளரான பெல் குளோப்மீடியா சுமார் 170 கோடி கனடிய டாலருக்குச் சம் நிறுவனத்தை வாங்கப்போவதாக அறிவித்தது. அதே நாளில் சம் 281 பேரை வேலையிலிருந்து நீக்கியது. வான்கூவர் முதல் வின்னிபெக் வரை சிட்டி டிவியின் மாலைச் செய்திகள் நிறுத்தப்பட்டன. சிட்டிநியூஸ் என்று பெயர் மாற்றி ஓர் ஆண்டு கூட முழுதாக ஆகவில்லை. அந்த ஊர்களில் முக்கியமாக மிஞ்சியது பெயரும் காலை நிகழ்ச்சியும்தான். அடுத்தது ஆணையத்தின் முறை. ஒரே நகரில் ஒரே மொழியில் இரண்டு நிலையங்களை ஒருவரே வைத்திருக்கக்கூடாது என்ற விதியைக் காட்டி, சிட்டி நிலையங்களை விற்றுவிட வேண்டும் என்று கனடிய வானொலி, தொலைக்காட்சி, தொலைத்தொடர்பு ஆணையம் 2007 ஜூனில் உத்தரவிட்டது. ஏ-சேனல்களை விற்றுவிட்டுச் சிட்டியை வைத்துக்கொள்வதுதான் வாங்கியவரின் திட்டமாக இருந்தது. ஆணையம் அதைத் தலைகீழாக்கியது. ரோஜர்ஸ் என்ற கேபிள், கைப்பேசி நிறுவனம் ஐந்து சிட்டி நிலையங்களையும் 37.5 கோடி டாலருக்கு எடுத்தது. சிபி24, மச்மியூசிக், 299 குவீன் வீதிக் கட்டடம் மூன்றும் சிடிவி பக்கமே நின்றன.

போட்டியைக் காக்கத்தான் அந்த விதி, அதன் நோக்கத்தில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அது எண்ணியது உரிமங்களை. செய்தி அறை ஒன்று, உரிமம் இரண்டு என்று இருந்த இடத்தில் கத்தி வைத்தபோது, ஒரே உழைப்பைப் பகிர்ந்துகொண்டதால் மட்டுமே கட்டுப்படியான உள்ளூர்ச் செய்தி இரண்டு முழுச் செலவுகளாகப் பிளந்தது. 2009 மார்ச் வரை சிபி24 பிரேக்ஃபாஸ்ட் டெலிவிஷனையே காலையில் சேர்த்து ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. அந்த மாதம் அதை நிறுத்தித் தன் சொந்தக் காலை நிகழ்ச்சியைத் தொடங்கியது, அதன் முகமாக ஆன் ரோமர் உட்கார்ந்தார். பிரேக்ஃபாஸ்ட் டெலிவிஷனின் முதல் தொகுப்பாளர்களில் ஒருவர் அவர். சிட்டி டிவி தானே பெற்று வளர்த்த பிள்ளையோடு காலைப் போட்டியில் நின்றது. அதே ஆண்டு மே 10 அன்று, ஈழப்போரின் கடைசி நாள்களில், டொராண்டோத் தமிழர்கள் கார்டினர் விரைவுச்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். நகரத்தையே நிறுத்திய அந்த ஞாயிறு இரவில் மணிக்கணக்காக நேரலையில் நிற்க வசதி கொண்ட 24 மணி நேர உள்ளூர் அலைவரிசையான சிபி24 சிட்டி டிவி கட்டியெழுப்பியதுதான், ஆனால் அப்போது அதனுடையதல்ல.

2009 செப்டம்பரில் சிட்டி டிவி குவீன் வீதியைக் காலி செய்து 33 டன்டாஸ் வீதி கிழக்குக்குப் போனது. 2010 ஜனவரி 19 அன்று ரோஜர்ஸ் சுமார் 60 பேரை நீக்கியது. மதியச் செய்தி, ஐந்து மணிச் செய்தி, வார இறுதிச் செய்தி, சிட்டிநியூஸ் இன்டர்நேஷனல், சிட்டிஆன்லைன் எல்லாம் நின்றன. ஆண்டுக்கணக்கில் ஆறு மணிச் செய்தியை வாசித்த ஆன் ம்ரோச்கோவ்ஸ்கியும் நீக்கப்பட்டார். ஸ்பீக்கர்ஸ் கார்னரும் சில்வர்மனின் நுகர்வோர் நிகழ்ச்சியும் 2008லேயே முடிந்திருந்தன. இரவு நேரத்தை 'மாடர்ன் ஃபேமிலி' போன்ற அமெரிக்கத் தொடர்கள் நிரப்பின. முப்பது ஆண்டு தவிர்த்த வலையில் நிலையம் இப்போது முழுதாக உட்கார்ந்துகொண்டது. இன்னொரு முரணும் உண்டு. அந்த ஆண்டுகளில் உள்ளூர் நிலையங்கள் தங்கள் சமிக்ஞைக்குக் கேபிள் நிறுவனங்கள் கட்டணம் தர வேண்டும் என்று போராடின. நிலையங்களுக்குச் சொந்தக்காரரான ரோஜர்ஸ் அந்தக் கோரிக்கையை எதிர்த்தது, ஏனென்றால் கட்டணம் தர வேண்டிய கேபிள் நிறுவனமும் அதுவே. எந்தப் பக்கத்தில் பணம் அதிகமோ அந்தப் பக்கம் நின்றது. வணிக நியாயத்தில் அது சரிதான். உள்ளூர் நிலையம் அந்த வீட்டில் எத்தனையாவது பிள்ளை என்பதையும் அது காட்டியது.

இனி மறுப்புகள். இணையம்தான் காரணம் என்பது முதலாவது. இணையம் வருமானத்தை அரித்தது உண்மை. 2008இன் பொருளாதார நெருக்கடி அதைக் கூட்டியது. ஆனால் பெயர் மாற்றம் நடந்த 2005 ஆகஸ்டில் யூடியூப்புக்கு வயது சில மாதங்கள். மேலும், அதே நகரத்தில் அதே இணையத்துக்கு நடுவில் சிபி24 தொடர்ந்து ஊரின் அன்றாடப் பழக்கமாக இருந்தது; சிட்டியிடமிருந்து பிரிக்கப்பட்ட ஊர்த்தன்மை போன இடத்தில் பிழைத்தது. இணையம் எல்லா உள்ளூர் நிலையங்களையும் ஒரே மாதிரித் தாக்கியிருந்தால் இந்த வேறுபாட்டுக்கு விளக்கமில்லை.

இரண்டாவது மறுப்பு வலுவானது. சிட்டி டிவி என்பது நைமர் என்ற தனிமனிதர், அவர் போனதும் எல்லாம் போயிற்று என்பார்கள். நைமரும் அப்படி நம்ப வைப்பதில் வல்லவர். தொலைக்காட்சி பற்றிப் பத்துக் கட்டளைகளே வகுத்து வைத்திருந்தார். ஆனால் அவர் போன பிறகும் கார்ட் மார்ட்டினோ செய்தி வாசித்தார், சின்டோ தெருவில் நின்றார், கனத்த குரலில் நிலையத்தின் பெயரைச் சொல்லும் மார்க் டெய்லி 2010 டிசம்பரில் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். ஆட்களும் இருந்தார்கள், முறையும் இருந்தது. இல்லாமல் போனவை கட்டடமும் துணை அலைவரிசைகளும் 'இது இந்த ஊருக்கு மட்டும்' என்ற முடிவும். பிற நகரங்களுக்கான விரிவாக்கத்துக்கு விதை போட்டதில் நைமருக்கும் பங்குண்டு, வான்கூவர் அவர் காலத்தில் நடந்ததுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பழைய நிலையத்தைப் பொற்காலமாக்குகிறோம், அதன் செய்தியில் பாதி தீயும் கொலையும்தானே என்பது மூன்றாவது. உண்மை, பரபரப்பு அதன் மூச்சு. என் வாதத்துக்கு அது புனிதமாக இருக்கத் தேவையில்லை. ஊரோடு ஒட்டியிருந்தது என்பதே போதும். நான்காவதாக, நிலையம் சாகவே இல்லையே என்று கேட்கலாம். 2010இல் நிறுத்திய செய்திகளில் சில 2011இல் திரும்பின. 2017 முதல் எட்மன்டன், வின்னிபெக்கிலும், பின்னர் கால்கரி, வான்கூவரிலும் சிட்டிநியூஸ் வந்தது. இதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அந்தத் திரும்புதலின் காலத்தைக் கவனிக்க வேண்டும்: ஆணையம் 2016இல் உள்ளூர்ச் செய்திக்கான கொள்கையைத் திருத்தி, பெருநகர நிலையங்கள் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் உள்ளூர்ச் செய்தி தர வேண்டும் என்று இறுக்கிய பிறகு வந்தது அது. முன்பு நிலையம் தன் பிழைப்புக்காகச் செய்ததை இப்போது உரிமத்துக்காகவும் செய்ய வேண்டியிருக்கிறது.

ஒழுங்குமுறை ஆணையங்கள் ஊடக நிறுவனங்களைப் பிரிக்கும்போதும் சேர்க்கும்போதும் உரிமங்களை எண்ணுவதோடு நிற்காமல், எந்தச் செய்தி அறை எந்த நிகழ்ச்சிகளுக்கு உழைக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். 2007இல் அப்படிப் பார்த்திருந்தால் சிபி24ஐச் சிட்டியோடு சேர்த்தே விற்கச் சொல்லியிருக்கலாம். விதிக்கு அது முரணாகியிருக்காது. சிட்டி டிவியின் செய்முறை ஓர் ஊரில் ஊன்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டு கனடாவில் இல்லை, கொலம்பியாவில் இருக்கிறது. தலைநகர் பொகோட்டாவில் 'எல் தியெம்போ' நாளிதழ் நிறுவனம் டொராண்டோவிடமிருந்து முறையையும் பெயரையும் உரிமம் பெற்று 1999 மார்ச்சில் ஒரு நிலையம் தொடங்கியது. டொராண்டோவில் விற்பனைகள் எல்லாம் நடந்து முடிந்த பிறகும், அந்த நிலையம் அதே பெயரில் பொகோட்டாவின் உள்ளூர் நிலையமாகவே ஒளிபரப்பாகி வருகிறது.